கட்டும் முன்பே கேட்டுப் பாருங்கள்: குமரி மாவட்டத்து இளைஞர்களுக்கு ஒலியியல் வடிவமைப்பில் ஒரு வேலைவழி

தோவாளையிலிருந்து கொல்லங்கோடு வரை கல்யாண மண்டபங்களும் தேவாலயங்களும் பள்ளி அரங்குகளும் நெருக்கமாக நிற்கும் மாவட்டம் நம்முடையது. புதிதாகக் கட்டும் மண்டபத்தில் தரைக்கு வழுவழுப்பான டைல்ஸ், சுவருக்குப் புட்டி, மேலே கான்கிரீட். பார்க்க அழகாக இருக்கும். திறப்பு விழாவில் யாராவது மைக்கைப் பிடித்ததும்தான் வினை தெரியும். வாழ்த்துரையில் ஒரு சொல்லும் பிடிபடாது. உடனே மைக்செட்டுக்காரரைக் குறை சொல்வார்கள். இன்னும் நாலு பாக்ஸ் வாங்கி மாட்டுவார்கள். சத்தம் கூடும், சொல் இன்னும் குழம்பும்.

கோளாறு பாக்ஸில் இல்லை, அறையில் இருக்கிறது. அறை எப்படி ஒலிக்கும் என்பதைக் கட்டும் முன்பே கணக்குப் போட முடியும். கணினியில் மாதிரி செய்து, ஹெட்போனில் கேட்டும் பார்க்க முடியும். இதைச் செய்பவரை ஒலியியல் ஆலோசகர் என்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய திட்டங்களில் இவர்களுக்கு இடம் உண்டு. நம் ஊர் மண்டபக் கமிட்டிகளோ இப்படி ஒரு வேலை இருப்பதைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கட்டடக்கலை படித்தவர்களும், டிராஃப்ட்ஸ்மேன் வேலை தெரிந்தவர்களும், மைக்செட் தொழிலில் காது பழகியவர்களும் இந்த இடத்துக்கு வரலாம். வருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. மூன்று வேலைகளைப் பிரித்துப் பழகுங்கள்

வாடிக்கையாளர் எல்லாவற்றையும் சேர்த்து 'எக்கோ' என்பார். நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எதிர்முழக்கம். சத்தம் நின்ற பிறகும் அறைக்குள் அது அலைந்து அடங்க எடுத்துக்கொள்ளும் நேரம். 60 டெசிபல் குறைய எத்தனை விநாடி ஆகிறது என்பதே அளவு. பேச்சுக்கான அரங்கில் 1 விநாடியை ஒட்டி இருந்தால் நல்லது. சிறிய வகுப்பறைக்கு 0.6 விநாடிக்கு மேல் போகக் கூடாது என்கிறது அமெரிக்கத் தரநிலை. மேற்கத்திய இசைக்குழு அரங்குகளுக்கு 2 விநாடி வரை வேண்டும்.

இரண்டாவது, எதிரொலி. பின்சுவரில் பட்டுத் தனியாகத் திரும்பும் ஒலி. மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளிச் சுவர் இருந்தால், பேச்சாளரின் குரல் 60 மீட்டர் நடந்து, ஏறக்குறைய 0.18 விநாடி கழித்து அவர் காதுக்கே வரும். பேசுபவர் தடுமாறுவது இதனால்தான்.

மூன்றாவது, ஒலித்தடுப்பு. உள்ளே அடிக்கும் சிங்காரி மேளம் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் தடுப்பதும், வெளியே போகும் பேருந்தின் ஹாரன் உள்ளே வராமல் தடுப்பதும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு வைத்திருக்கின்றன.

முதல் இரண்டுக்கும் மருந்து, ஒலியை உறிஞ்சும் மென்மையான பொருள்களும் ஒலியைச் சிதறடிக்கும் பரப்புகளும். மூன்றாவதுக்கு மருந்து கனமும் இடைவெளி இல்லாத அடைப்பும். சுவரில் ஃபோம் ஒட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார் என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை என்று பொருள். குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு; ஷீட் கூரை போட்ட கூடங்களில் மழை விழும் இரைச்சலும் தடுப்புக் கணக்கில்தான் சேரும். ஷீட்டின் அடியில் அதிர்வை அடக்கும் அடுக்கும், அதன் கீழே தனிக் கூரையும் கேட்கும் வேலை அது.

2. முதல் கணக்கைக் கையால் போடுங்கள்

1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து பரப்பினார். ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அந்த உழைப்பில் பிறந்த சூத்திரம் இன்றும் இந்தத் தொழிலின் அரிச்சுவடி: எதிர்முழக்க நேரம் = 0.161 × அறையின் கன மீட்டர் ÷ மொத்த உறிஞ்சல். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பனி அரங்கம் இந்தக் கணக்கைக் கொண்டு வடிவமைக்கப்பட்டது.

நம் ஊர் அளவுக்கு ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். கன அளவு 2,700. டைல்ஸ் தரை தன்மேல் படும் ஒலியில் ஏறக்குறைய நூற்றில் 2 பங்கையும், பூசிய சுவரும் கூரையும் 3 பங்கையும்தான் உறிஞ்சும். திறந்த ஜன்னல், கதவு 30 சதுர மீட்டர் என்று வைப்போம். அதன் வழியே போகும் ஒலி திரும்பாது, ஆகவே அது முழு உறிஞ்சல். எல்லாம் கூட்டினால் 68. காலி மண்டபத்தின் எதிர்முழக்கம் 6.4 விநாடி.

500 பேர் வந்து உட்கார்ந்தால்? ஓர் ஆளுக்கு 0.45 வீதம் 225 சேரும். நேரம் 1.5 விநாடியாக இறங்கும். முகூர்த்த நாளில் மண்டபம் பரவாயில்லை என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம். அதே மண்டபத்தில் 100 பேர் கூடும் சங்கக் கூட்டம் நடந்தால் 3.9 விநாடி. ஏசி போடுவதற்காக ஜன்னலை எல்லாம் கண்ணாடியால் அடைத்துவிட்டால், அதே 100 பேருக்கு 5 விநாடி.

இப்போது ஜன்னல் திறந்தே இருக்க, கூரையில் 250 சதுர மீட்டருக்கு நூற்றில் 80 பங்கு உறிஞ்சும் பலகைகளைப் பொருத்துங்கள். 100 பேர் இருக்கும்போதே 1.4 விநாடி ஆகிவிடும். நானூறு பேருக்கு மேல் வந்து உட்கார்ந்த பலனை அந்தப் பலகைகள் கொடுக்கின்றன. கமிட்டியிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள்; சூத்திரம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்கை எக்செல் தாளில் ஒருமுறை அமைத்துக்கொண்டால் போதும். நீளம், அகலம், உயரம், பொருள், ஆள் எண்ணிக்கை மாற்ற மாற்ற விடை வரும். குரலுக்கு முக்கியமான 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாகப் போடுங்கள்.

3. கணினி எந்த இடத்தில் தேவைப்படுகிறது

சபைன் சூத்திரம் அறை முழுவதும் ஒலி சீராகப் பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. மேலே சொன்ன மண்டபத்தில் உறிஞ்சல் பெரும்பாலும் கூரையில் இருக்கிறது. பக்கச் சுவர்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி வெறுமையாக நிற்கின்றன. 15 மீட்டர் இடைவெளியில் ஒலி இங்கும் அங்கும் பந்தாடும். கை தட்டினால் படபடவென்று கேட்கும். சூத்திரம் 1.4 என்று சொல்லும், காது ஒப்புக்கொள்ளாது. பலகையை எந்தச் சுவரில், எந்த உயரத்தில் வைப்பது என்பதற்கும் சூத்திரத்தில் விடை இல்லை.

இங்கேதான் கணினி மாதிரி வேண்டும். ஒலியை ஆயிரக்கணக்கான கதிர்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்தச் சுவரில் பட்டு எவ்வளவு இழந்து எப்போது எந்த நாற்காலிக்கு வருகிறது என்று பின்தொடரும் முறை இது. நார்வேயில் குரோக்ஸ்டாடும் அவர் கூட்டாளிகளும் 1968-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வழி திறந்தது. 1979-இல் ஆலன், பெர்க்லி இருவரும் செவ்வக அறைக்கான பிம்ப முறையைத் தந்தார்கள். சுவரைக் கண்ணாடியாகக் கொண்டு, ஒலிமூலத்தின் பிம்பங்களை அதற்கு அப்பால் வைத்துக் கணக்கிடுவது அது. 2017-இல் திறந்த ஹாம்பர்க் எல்ப்பில்ஹார்மனி அரங்கின் சுவர்களை மூடியிருக்கும் சுமார் 10,000 பலகைகள் கணினி நிரலால் உருவம் பெற்றவை; ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

கதிர் முறைக்கும் எல்லை உண்டு. சின்ன அறையில் தாழ்ந்த சுருதி கதிர்போல் நடக்காது. அறையோடு சேர்ந்து ததும்பும். 2000-ஐ, எதிர்முழக்க நேரத்தைக் கன அளவால் வகுத்ததன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் எல்லை அதிர்வெண் கிடைக்கும். மேலே பார்த்த மண்டபத்துக்கு, பலகை இல்லாமல் 100 பேர் இருக்கும்போது, அது 75 ஹெர்ட்ஸை ஒட்டி வரும், கவலை இல்லை. 60 கன மீட்டர் ஒலிப்பதிவு அறைக்கு 180 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அலைச் சமன்பாட்டைத் தீர்க்கும் மென்பொருள் வேண்டும். எந்த அறைக்கு எந்தக் கருவி என்று தெரிந்திருப்பதே நல்ல ஆலோசகரின் முதல் அடையாளம்.

4. மென்பொருள்: காசில்லாமல் தொடங்குங்கள்

டென்மார்க்கின் ஓடியான், ஸ்வீடனின் காட்-அக்கூஸ்டிக், ஜெர்மனியின் ஈஸ் ஆகியவை தொழில்துறையில் புழங்குபவை. உரிமம் விலை கூடியது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

அளப்பதற்கு ரூம் ஈக்யூ விசார்ட் இலவசம். அளவீட்டு மைக் ஒன்று வாங்குங்கள். அந்த மைக்குக்கென்று தனித்த திருத்தக் கோப்போடு வரும் யுஎஸ்பி வகை போதும். மாதிரி செய்வதற்குப் பிரான்சில் உருவான ஐ-சிம்பா திறமூல மென்பொருள். ரைனோ, கிராஸ்ஹாப்பர் தெரிந்தவர்களுக்குப் பேக்கிடெர்ம் இருக்கிறது. கூரையின் வளைவை மாற்ற மாற்ற ஒலி எப்படி மாறுகிறது என்று உடனுக்குடன் பார்க்கலாம். பைத்தான் எழுதுவீர்கள் என்றால் பைரூம்அக்கூஸ்டிக்ஸ் நூலகத்தில் பிம்ப முறையை நீங்களே ஓட்டிப் பார்க்கலாம்.

வேலை செய்யும் வரிசை இது:

- ஏற்கெனவே நிற்கும் ஒரு மண்டபத்தை அளந்துகொள்ளுங்கள். மேடையிலிருந்து ஏறுசுருதி ஒலியை ஓடவிட்டு, ஆறேழு இருக்கைகளில் பதிவு செய்யுங்கள். கருவி இல்லாத நாளில் பலூன் உடைத்தாலும் ஓரளவு தெரியும்.
- அறையை ஸ்கெட்ச்அப்பில் எளிமையாக வரையுங்கள். ஜன்னல் கம்பி, பூவேலை எல்லாம் வேண்டாம். நுணுக்கம் கூடினால் கதிர்க் கணக்கு நீளும், துல்லியம் கூடாது. பூவேலையின் விளைவைச் சிதறல் எண்ணாகக் கொடுங்கள்.
- வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் நம் ஊருக்கு மாற்றுங்கள். மென்பொருளில் குளிர்நாட்டு மதிப்புகள் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். உயர்ந்த சுருதியைக் காற்று எவ்வளவு விழுங்கும் என்பது ஈரத்தைப் பொறுத்தது.
- மாதிரி தரும் விடையும் அளந்த விடையும் ஒத்துவரும் வரை பொருள்களின் எண்களை நியாயமான எல்லைக்குள் திருத்துங்கள். ஒத்துவந்த பிறகே தீர்வை முன்வையுங்கள்.
- எதிர்முழக்க நேரத்தோடு நிற்காமல் பேச்சுத் தெளிவுக் குறியீட்டையும் பாருங்கள். அது 0 முதல் 1 வரை போகும், 0.6-ஐத் தாண்டினால் நல்ல தெளிவு.

கடைசியாக, மாதிரியிலிருந்து ஒலிக்கோப்பு எடுங்கள். எதிர்முழக்கம் இல்லாமல் பதிந்த ஒரு பேச்சை, இன்றைய மண்டபத்தில் கேட்பதுபோல ஒன்றும் திருத்திய மண்டபத்தில் கேட்பதுபோல ஒன்றும் தயார் செய்து, தேவாலயத்தின் பங்குப் பேரவைக்கோ மண்டப உரிமையாளருக்கோ ஹெட்போனில் போட்டுக் காட்டுங்கள். பத்துப் பக்க அறிக்கை செய்யாததை அந்த அரை நிமிடம் செய்யும்.

5. பொருள் தெரியாமல் கணினி மட்டும் தெரிந்தால் போதாது

முட்டை அட்டையும் தெர்மோகோலும் ஒலியைத் தடுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. தெர்மோகோலின் துளைகள் மூடியவை. காற்று உள்ளே போகாது, ஒலி உராய்ந்து அடங்கவும் வழியில்லை. சாதா ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கும் குரல் சுருதிகளை அதிகம் உறிஞ்சாது. துளையிட்ட ஜிப்சம் பலகையும் அதன் பின்னே கனிமக் கம்பளியும் சேர்ந்தால்தான் பலன்.

தடிமனையும் கவனியுங்கள். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீட்டர். ஒரு அங்குலப் பலகை குரலின் கூர்மையை மட்டும் தின்றுவிட்டுத் தவிலின் தொப்பியையும் செண்டையின் அடியையும் அப்படியே விட்டுவிடும். பிறகு மண்டபம் மந்தமாகவும் குமுறலாகவும் கேட்கும். பலகைக்குப் பின்னால் காற்று இடைவெளி விட்டால் தாழ்ந்த சுருதியிலும் ஓரளவு பலன் கூடும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு பொருளும் இருக்கிறது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னை புவிசார் குறியீடு பெற்றது. கயிறும் நாரும் இங்கே பழந்தொழில். தேங்காய் நார் அடுக்கு நடு, உயர் சுருதிகளை நன்றாக உறிஞ்சும் என்பதை மலேசிய ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். நாரைப் பலகையாக்கி, ஐஎஸ்ஓ 354 முறைப்படி எதிர்முழக்க அறையில் சோதித்து, சான்றோடு விற்கும் ஒரு சிறுதொழிலுக்கு இங்கே இடமிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடற்காற்றில் பூஞ்சை பிடிக்காமலும் எளிதில் தீப்பற்றாமலும் பதப்படுத்துவதுதான் அதில் கடினமான பகுதி.

தீயைப் பற்றிச் சமரசமே கூடாது. 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் சுவரில் ஒட்டிய ஃபோம் பற்றி 100 பேர் இறந்தார்கள். 2013-இல் பிரேசிலின் சாந்தா மரியாவில் கூரை ஃபோம் பற்றி 242 பேர். குத்துவிளக்கும் மெழுகுவர்த்தியும் எரியும் இடங்களில் நாம் வேலை செய்கிறோம். தீத்தடுப்புச் சான்று இல்லாத பலகையை, வாடிக்கையாளரே கேட்டாலும், எழுதிக் கொடுக்காதீர்கள்.

6. களத்தில் எப்படிப் பேசுவது

நுழைந்ததும் மைக்செட்டுக்காரரைத் தேடிப் பேசுங்கள். எந்த இடத்தில் கூவுகிறது, எந்த வரிசையில் புரியவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். அவரைக் குற்றவாளியாக்கும் அறிக்கை எழுதினால் அடுத்த வேலை வராது. அது நியாயமும் இல்லை.

தேவாலயத்தில் இரண்டு தேவைகள் மோதும். பாடற்குழுவுக்கும் ஆர்கனுக்கும் முழக்கம் வேண்டும். பிரசங்கம் புரிய முழக்கம் குறைய வேண்டும். முழக்கத்தை முழுக்கக் கொல்லாதீர்கள். பின்சுவரையும் மாடியின் முகப்பையும் அடக்கி, பீடத்தைச் சுற்றிய கடினப் பரப்புகளை விட்டுவைத்து, பேச்சுக்கு நெடுந்தூண் வகை பாக்ஸ்களைச் சபையை நோக்கித் திருப்புங்கள்.

கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வரைபடத்தில் அளவோடு எழுதிக் கொடுங்கள்: பலகைக்குப் பின் இடைவெளி எத்தனை அங்குலம், கதவடியில் என்ன ரப்பர், மேடைச் சுவரின் சாய்வு எவ்வளவு. கதவடியில் விரல் அளவு இடைவெளி இருந்தால் கனமான சுவர் கட்டிய காசு வீண்.

அளவீடு, வடிவமைப்பு, முடிந்தபின் சரிபார்ப்பு என்று மூன்றுக்கும் தனித்தனியாகக் கட்டணம் சொல்லுங்கள். பலகை விற்பவரிடம் கமிஷன் வாங்காதீர்கள். தேவைக்கு மேல் ஒரு பலகை எழுதினால்கூட, அந்தப் பணம் ஊர்க்காரர்கள் நன்கொடையாகச் சேர்த்தது.

7. எங்கே படிப்பது, எங்கே வேலை

இந்தியாவில் கட்டடத்துக்கான ஒலியியலைத் தனிப் பட்டமாகத் தரும் இடங்கள் குறைவு. ஆகவே அடிப்படைப் பட்டத்தோடு நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். கான்பூர் ஐஐடியின் நச்சிகேதா திவாரி நடத்திய ஒலியியல் பாடங்கள் என்பிடெல்லில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆராய்ச்சிப் பக்கம் போக விரும்புவோருக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை ஐஐடி, ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உண்டு. வெளிநாட்டில் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஆகன், சால்ஃபோர்டு, பென் ஸ்டேட் பெயர்பெற்றவை. அரங்க வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 2526, தேசியக் கட்டட நெறிமுறை 2016-இன் எட்டாம் பகுதி, அறை அளவீட்டுக்கான ஐஎஸ்ஓ 3382 ஆகிய மூன்றையும் கையருகே வைத்திருங்கள்.

வேலை நாகர்கோவிலோடு முடிவதில்லை. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கின் திறந்தவெளி அலுவலகங்களிலும், திருவல்லம் சித்ராஞ்சலி போன்ற திரைப்பட ஸ்டுடியோக்களிலும் இதே அறிவுக்குப் பயன் உண்டு. பசுமைக் கட்டடச் சான்றுக்கு ஒலி வசதியும் ஒரு மதிப்பெண். வளைகுடாவில் ஒலியியல் அறிக்கை கேட்கும் பெரிய கட்டடத் திட்டங்கள் இருக்கின்றன. அங்கே கட்டுமானத் துறையில் நம் மாவட்டத்தவர் ஏராளம், உறவும் தொடர்பும் உடனே கிடைக்கும். மெக்கானிக்கல் படித்தவர்களைச் சென்னையின் கார் நிறுவனங்கள் அதிர்வு, இரைச்சல் பிரிவுகளுக்கு எடுத்துக்கொள்கின்றன. அலைக் கணக்கு அங்கும் ஒன்றே.

ஆராய்ச்சிக்கும் பொருள் அருகிலேயே இருக்கிறது. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்கள் தட்டினால் ஒலிக்கும்; கல்மண்டபங்கள் குரலுக்கு முழங்கும். ஹம்பி விட்டலர் கோயிலின் தூண்களைக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள், தூணுக்குச் சேதமில்லாத முறையில் ஆராய்ந்து 2008-இல் அமெரிக்க ஒலியியல் சங்க ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். நம் ஊர் மண்டபங்களையும் அரண்மனைக் கூடங்களையும் உரிய அனுமதியோடு இப்படி அளந்து பதிவுசெய்யும் மாணவருக்கு நல்ல ஆய்வேடு காத்திருக்கிறது.

8. முதல் ஆறு மாதம்

முதல் இரண்டு மாதம்: எக்செல் கணக்கு, என்பிடெல் பாடம், அளவீட்டு மைக். அடுத்த இரண்டு மாதம்: நீங்கள் படித்த பள்ளியின் வகுப்பறை, உங்கள் ஊர்ச் சமுதாய நலக்கூடம், ஒரு வழிபாட்டுத் தலம் மூன்றையும் அளந்து, ஐ-சிம்பாவில் மாதிரி செய்து, அளந்த விடையையும் மாதிரியின் விடையையும் ஒப்பிடுங்கள். கடைசி இரண்டு மாதம்: அவற்றில் ஒன்றுக்குக் குறைந்த செலவில் தீர்வு எழுதி, செய்யவைத்து, மறுபடி அளந்து பாருங்கள். முன், பின் இரண்டு எண்களும் இரண்டு ஒலிக்கோப்புகளும் உள்ள ஒரு பக்கமே உங்கள் அறிமுக அட்டை.

எதில் தொடங்குவது என்று கேட்டால், பள்ளி வகுப்பறையையே சொல்வேன். காது கொஞ்சம் மந்தமான பிள்ளைக்கும், தமிழ்வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைக்கும், பின்வரிசையில் உட்காரும் பிள்ளைக்கும் முழங்கும் அறையில் பாதிச் சொல் நழுவிவிடும். அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. கூரையில் சில பலகைகளும் பின்சுவரில் ஒரு துணிப் பலகையும் போட்டால் தீரும் குறை அது. மதிய இடைவேளையில் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். அளந்து முடிக்க ஒரு மணி நேரம் போதும்.